அரிசம் வேறு, கோபம் வேறு

போன வருஷம் ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். தமிழ்நாட்டில் பாதி ஊர் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குடையோடுதான் பள்ளிக்கூடம் திறக்கும். தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சாயங்காலம் நாலேகால் மணிக்கு வேனில் இருந்து இறங்கிய மகள் நனைந்த ஷூவோடு திண்ணையில் உட்கார்ந்தாள். லேஸ் ஈரத்தில் இறுகிப் போயிருந்தது. நான் குனிந்து முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். "நான்தான் அவுக்கணும்னு இருந்தேன்" என்று ஒரு அலறல். திரும்ப முடிச்சுப் போடச் சொன்னாள். போட்டேன். "இது அந்த முடிச்சு இல்ல." தண்ணீர் பாட்டில் பறந்துபோய்ச் செம்பருத்திச் செடிக்குள் விழுந்தது. மூடி உடைந்தது.

"எதுக்கு இப்பிடிச் செய்யுத? சொல்லு" என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். நாலாவது தடவை கேட்டபோது பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் அடுக்களையில் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "அவளுக்கு அரிசம் வந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல. நீ செத்த நேரம் சும்மா கெட."

ஏழு வயசுப் பிள்ளையிடம் "எதுக்கு" என்று கேட்டால் பதில் கிடைக்காது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பொங்கி வருவதை நிறுத்தி யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபத்தைந்து வயசு பக்கம் ஆகும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் எனக்கு அது முதிர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அன்றைக்கு அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

இவளை இங்கே பாப்பா என்றே எழுதுகிறேன். வளர்ந்தபின் இதைப் படித்துவிட்டு என் மேல் அரிசப்படக் கூடாது.

அன்று ராத்திரி படுக்கையில் பாப்பா பாட்டியிடம் கேட்டாள், அரிசம் என்றால் என்ன என்று. அம்மா யோசிக்கவே இல்லை. "காதுமடல் சூடாவும். பல்லு கடிக்கத் தோணும். கையில என்ன இருக்கோ அத எறியணும்னு வரும். அதுதான் மக்களே." பாப்பா எழுந்து உட்கார்ந்து காதைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமா பாட்டி, சூடாத்தான் இருந்து." அந்த முகத்தில் ஒரு நிம்மதி. தனக்கு வந்தது என்னவோ புது வியாதி இல்லை, அதற்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கிறது, பாட்டிக்கும் அது வருமாம் என்கிற நிம்மதி.

இந்த வார்த்தையை மதுரையில் சொன்னால் யாருக்கும் புரியாது. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் அரிசம் அரிசம்தான், வெப்ராளம் வெப்ராளம்தான். நான் நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போன காலத்தில் இந்தச் சொற்களை எல்லாம் வெட்கப்பட்டு ஒவ்வொன்றாக நாக்கில் இருந்து உதிர்த்தவன். சென்னையில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தபோது மிச்சமும் போய்விட்டது. என் மகளோடு நான் பேசியது டெலிவிஷன் தமிழ். அதில் உணர்ச்சி என்றால் நாலு: சந்தோஷம், சோகம், கோபம், பயம்.

பள்ளியிலும் நாலுதான். ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நாலு வட்ட முகம், கீழே ஆங்கிலத்தில் ஹாப்பி, ஸேட், ஆங்ரி, ஸ்கேர்டு. தினமும் ஒன்றுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். பாப்பா எல்லா நாளும் ஹாப்பிக்கே மஞ்சள் அடித்தாள். அதுதான் சரியான விடை என்று நினைத்திருக்கிறாள். வேறு முகத்துக்கு அடித்தால் மிஸ் கேள்வி கேட்பார்களாம். அவர்களையும் குறை சொல்ல முடியாது, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய முடியும்.

சரி, நம் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். பாட்டி சொல்லச் சொல்ல நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். வெப்ராளம்: பரீட்சைக்கு முந்தின ராத்திரி வருவது, வேன் ஹாரன் கேட்டும் சாக்ஸ் ஒன்று கிடைக்காமல் இருக்கும்போது வருவது. பெணக்கம்: பேச மாட்டேன், ஆனால் நீ வந்து கூப்பிடணும். சங்கடம்: நெஞ்சுக்குள்ளே கல் கிடப்பது. கொதி: அடுத்தவன் கையில் இருக்கும் ஐஸைப் பார்க்கும்போது வாயில் ஊறுவது. மடி: ஹோம்வொர்க் என்றதும் கை கனப்பது. பதினேழு சொல் தேறியது. அதில் மூன்றை இங்கே எழுத முடியாது.

உணர்ச்சிகளை ஆராய்கிற லிசா ஃபெல்ட்மன் பேரட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தனக்குள் நடப்பதை நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அதை என்ன செய்வது என்று தீர்மானிப்பதும் எளிதாகிறது என்பது அவர் வாதம். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. 'எனக்கு மோசமா இருக்கு' என்றால் நான் என்ன செய்ய? 'வெப்ராளமா இருக்கு' என்றால் சாக்ஸைத் தேடிக் கொடுக்கலாம். 'பெணக்கம்' என்றால் போய்க் கூப்பிடலாம்.

ஜூலையில் நோட்டு வாங்கினோம். உணர்ச்சிகளை எழுதுவதற்கென்றே அச்சடித்த, ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி போட்ட, வழவழப்பான நோட்டுகள் கடையில் கிடைக்கின்றன. விலையைப் பார்த்துவிட்டுக் கோடு போடாத நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். இந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கோடு வேண்டாம் என்பது என் அனுபவம். எழுத்து உருவாக்குவதே அவர்களுக்கு ஒரு வேலை. 'ழ' எழுதி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். முதலில் படம், பிறகு ஒரு சொல், விருப்பம் இருந்தால் ஒரு வரி. சில நாள் அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன், ஒரு எழுத்தும் மாற்றாமல். அப்படித்தான் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் மாற்றிவிட்டேன்.

நான் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவன். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். நாள் முழுக்கக் கையில் சிவப்புப் பேனா. ஒரு நாள் மேசையில் நோட்டு திறந்து கிடந்தது. ஒரு ஷூ படம். ஷூவில் இருந்து புகை வருகிறது. கீழே கொட்டை எழுத்தில்: 'எனக்கு அரிசம் வந்துது.' கை தானாகப் போய்விட்டது. 'அரிசம்' மேல் ஒரு கோடு, மேலே 'கோபம்'. 'வந்துது' மேல் ஒரு கோடு, மேலே 'வந்தது'. பரீட்சையில் மார்க் போய்விடுமே என்ற நல்ல எண்ணம்தான்.

அவள் பார்த்துவிட்டு அழவில்லை, கத்தவில்லை. நோட்டை மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். நான் போய்க் கேட்டதற்கு, "அது கோபம் இல்லப்பா. கோபம் ஆள் மேல வரும். அரிசம் சும்மா வரும்" என்றாள். லேஸ் மேல் வந்தது அரிசம். சிவப்புப் பேனா வைத்திருந்த ஆள் மேல் அப்போது வந்ததுதான் கோபம். இரண்டும் ஒன்று என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மூன்று வாரம் அந்த நோட்டு பானைக்குப் பின்னாலேயே கிடந்தது. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அதுவும் ஹோம்வொர்க் ஆகிவிடும்.

அந்த மூன்று வாரத்தில்தான் குப்பிகள் வந்தன. பாட்டிலை இங்கே குப்பி என்றுதான் சொல்லுவோம்.

மனதை நிதானப்படுத்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வித்தை ஒன்று இணையத்தில் ரொம்பப் பிரபலம். ஒரு ஜாடித் தண்ணீரில் மினுமினுப்புத் தூளைப் போட்டுக் குலுக்கிவிட்டு, அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மினுமினுப்புக்கு எங்கே போக? கன்னியாகுமரிக்குப் போனபோது வாங்கிய கலர் மணல் பாக்கெட் அலமாரியில் இருந்தது. கறுப்பையும் சிவப்பையும் கலந்து குப்பியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினோம். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு எண்ணுவதற்குள் மணல் மொத்தமும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இரண்டும் கனத்த தாது. இதைப் பிரித்தெடுக்கத்தானே மணவாளக்குறிச்சியில் தொழிற்சாலையே இருக்கிறது. தியானத்துக்கு ஆறு விநாடி போதாது.

எனக்கு ஏமாற்றம். அவளுக்கு இல்லை. "இது அரிசம் குப்பி" என்றாள். பட்டென்று வரும், பட்டென்று போகும்.

அடுத்து புட்டுக்கு வறுத்து வைத்திருந்த மாவில் ஒரு ஸ்பூன். அது பொங்கிச் சுழன்று, பத்து நிமிஷத்தில் முக்கால்வாசி இறங்கியது. மேலே வெள்ளை மூட்டம் கொஞ்சம் தங்கியது. வெப்ராளம். (மூன்றாம் நாள் நாற்றம் அடித்துக் கொட்ட வேண்டியதாயிற்று. மாவு போட்டால் அடிக்கடி மாற்றுங்கள்.) மூன்றாவதாக முற்றத்துச் செம்மண் ஒரு பிடி. மணல் பகுதி உடனே இறங்கியது, ஆனால் தண்ணீர் தெளியவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம், சாயா நிறம். காலையில் பார்த்தோம், அப்போதும் சாயாதான். களிமண்ணின் பொடித் துகள்கள் அத்தனை லேசில் அடங்காது. "இது பெணக்கம்" என்றாள் பாப்பா. பிறகு சத்தத்தைக் குறைத்து, "பாட்டிக்கும் சின்னப் பாட்டிக்கும் உள்ளது."

என் அம்மாவும் அவள் தங்கையும் ஒரு பலாமரத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அதைச் சொல்கிறாள்.

"கோபத்துக்கு?" என்று கேட்டேன். "அதுக்குக் குப்பி இல்ல. அது யார் மேலன்னு அந்த ஆளுகிட்ட போய்ச் சொல்லணும்" என்றாள். ஜன்னல் ஓரத்தில் மூன்று குப்பியும் வரிசையாக இருக்கின்றன. உள்ளே ஏதாவது கலங்கினால் போய் ஒன்றைக் குலுக்குவாள். எதைக் குலுக்குகிறாள் என்று நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். அடங்கும் வரை அவள் பார்ப்பதும் உண்டு, பாதியில் விட்டுவிட்டு விளையாடப் போவதும் உண்டு. ஓடினால் ஓடட்டும்.

இந்த நிமிஷத்தில் நடப்பதை நிதானமாகக் கவனிப்பதைக் குறிக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல்லைத் தமிழில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பேரே கிடையாது. பௌத்தத் தியான முறைகளில் இருந்து எடுத்து, 1979-இல் ஜான் கபாட்-ஸின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியில் இருந்துதான் இன்றைக்கு ஊரெல்லாம் நடக்கும் வகுப்புகள் கிளைத்தன. வலியோடு வாழ்கிற பெரியவர்களுக்கானது அது. ஏழு வயசுப் பிள்ளையைக் கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று நானும் முயன்று பார்த்தேன். ஒரு கண்ணைத் திறந்து நான் திறந்திருக்கிறேனா என்று பார்த்தாள். நான் திறந்திருந்தேன்.

எங்களுக்குப் பலித்தது கஞ்சி. சூடு கஞ்சியும் சிறுபயறும் கிண்ணத்தில் வந்ததும் ஊதாமல் குடிக்க முடியாது. வேகமாக ஊதினால் தெறிக்கும். மெல்ல, நீளமாக, ஆவி ஒரு பக்கமாகச் சாயும்படி ஊத வேண்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், உள்ளே இழுக்கும்போது கூடும். அதனால்தான் பதற்றத்தில் இருக்கும் ஆளுக்கு நீளமாக மூச்சு விடச் சொல்கிறார்கள். பாப்பாவுக்கு அந்த விளக்கம் எல்லாம் வேண்டாம். கஞ்சி இல்லாத நேரத்திலும் "கஞ்சி ஊது" என்றால் உள்ளங்கையைக் குழித்து வைத்து ஊதுவாள். வேனுக்குள் ஊதியிருக்கிறாள். ஊசி போடும் அறையில் ஊதியிருக்கிறாள். அதையும் மீறி அலறினாள் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று முட்டம் கடற்கரை நண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாறைகளைத் தாண்டி ஈர மணலுக்குப் போவோம். வளைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார வேண்டும். அசைந்தால் நண்டு வராது. அதற்குத் தரையின் அதிர்வு தெரியும். நிழல் விழுந்தாலும் உள்ளே போய்விடும். முதலில் இரண்டு கண் மட்டும் குச்சி மாதிரி மேலே வரும், பிறகு ஒரு கால், நின்று பார்க்கும், பிறகு மண்ணுருண்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து தூக்கி எறிந்துவிட்டு ஓடும். பாப்பா மூச்சைக்கூட மெல்லத்தான் விடுவாள். ஐந்து நிமிஷம், சில நாள் எட்டு. ஐந்து நிமிஷம் சும்மா இரு என்று நான் சொன்னால் ஒரு நிமிஷம் இருக்க மாட்டாள்.

அம்மாவின் வழி இதையெல்லாம்விடப் பழையது. பிள்ளை கலங்கி வந்தால் ஒன்றும் கேட்க மாட்டாள். முறத்தில் ஒரு பிடி சின்ன உள்ளியை, அதாவது சின்ன வெங்காயத்தை, தள்ளிவிடுவாள். "உரி மக்களே. உள்ளி உரிச்சா கரையலாம், ஏன்னு யாரும் கேக்க மாட்டாவ." இங்கே அழுவதைக் கரைவது என்போம். அந்த முறத்துக்கு முன்னால் பாப்பா கரைந்திருக்கிறாள், என் மனைவி கரைந்திருக்கிறாள். ஒரு தடவை நான்கூட. உரித்து முடித்ததும் தீயல் குழம்புக்கு உள்ளி ரெடி.

அதற்காகப் பழைய ஆட்கள் செய்ததெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. இதே அம்மாதான் என்னைப் "போலீஸ் பிடிச்சிட்டுப் போவும்" என்று பயமுறுத்திச் சோறூட்டியவள். "ஆம்பிளப் பிள்ளை கரையலாமா" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். அப்பா ரப்பர் வெட்டப் போகிறவர். விடியுமுன் எழுந்து போய் வந்து, மத்தியானம் படுத்திருக்கும்போது வீட்டில் ஒரு தட்டு கீழே விழக் கூடாது. என் அரிசத்தை எல்லாம் நான் விழுங்கித்தான் வளர்ந்தேன். விழுங்கினது எங்கே போகும்? நாற்பது வயசில் ஒரு ஷூ லேஸ் முன்னால் வெளியே வருகிறது. பேத்திக்கு ஒரு நியாயம் மகனுக்கு ஒரு நியாயமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு எனக்கு நேரம் இல்ல மக்கா" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அதனால் எல்லாவற்றுக்கும் முந்தின படி என் மூச்சு. நான் கொதித்துக்கொண்டு "கஞ்சி ஊது" என்றால் அது இன்னொரு அதட்டல், அவ்வளவுதான். இப்போதெல்லாம் பாட்டில் பறக்கும்போது முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் காலை வைக்கிறேன். சிமென்ட் தரை, மழைக்காலத்தில் ஜில்லென்று இருக்கும். அந்த ஜில்லிப்பு பாதத்தில் தெரிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. பத்தில் ஆறு நாள் முடிகிறது.

ஆகஸ்டில் ஒரு நாள் நோட்டு பானைக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தது. அட்டையில் 'அப்பா தொடக்கூடாது' என்று எழுதியிருந்தது. அவளே திறந்து காட்டினால் மட்டும் பார்க்கலாம். சமமாக இருக்கட்டும் என்று நானும் ஒரு நோட்டு வாங்கினேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் மூன்று பேரும் எழுதுகிறோம். அம்மா எழுதுவது பால் கணக்கு.

பால் கணக்கு என்றதும் நினைவு வருகிறது. என் நோட்டில் பாப்பா வெடித்த நாள், நேரம், அதற்கு முன்னால் நடந்தது மூன்றையும் குறித்து வந்தேன். கணக்குக்காரன் புத்தி. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், பெரும்பாலான வெடிப்பு நாலேகாலுக்கும் அஞ்சுக்கும் இடையில். மத்தியானம் டப்பா மிச்சம் வந்த நாட்களில் நிச்சயம். பாதி அரிசம் பசி! இப்போது வேன் நிற்கிற இடத்துக்கே இரண்டு மட்டிப்பழத்தோடு போகிறேன். பேச்சு அப்புறம்தான். ஒரு வருஷம் உளவியல் படித்துக் கண்டுபிடித்தது இது என்று மனைவியிடம் சொன்னபோது, அவள் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. அவள் நர்ஸ்.

எழுதுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில் உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், தங்களை வாட்டிய அனுபவங்களைப் பற்றி எழுத வைத்தார்கள். உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள் பிந்தைய மாதங்களில் மருத்துவமனைப் பக்கம் குறைவாகப் போனார்கள். இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்கே எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனமாகத்தான் இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. வளர்ந்தவர்களுக்கே அப்படி. அதனால் கரைந்துகொண்டிருக்கும் பிள்ளை கையில் நோட்டைத் திணிக்காதீர்கள். எழுதச் சொல்வது தண்டனை இல்லை. சூடு இறங்கிய பிறகு, சாப்பிட்ட பிறகு, அவர்களாக எடுத்தால் போதும். எழுதினபிறகு உடனே தூங்க அனுப்பாமல் கொஞ்சம் கூட இருங்கள்.

உணர்ச்சிக்குப் பேர் வைப்பதைப் பற்றி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாத்யூ லீபர்மன் குழு செய்த ஆய்வு 2007-இல் வெளியானது. கோபமான, பயந்த முகங்களைக் காட்டி அந்த உணர்ச்சியின் பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. அதுவும் பெரியவர்களிடம் செய்ததுதான். பள்ளிகளிலோ, பிரிட்டனில் 11 முதல் 14 வயசு வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த மைரியாட் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது: வகுப்பில் எல்லோருக்கும் மொத்தமாக மைண்ட்ஃபுல்னெஸ் சொல்லிக் கொடுத்ததால், வழக்கமான பாடத்தைவிட மனநலத்தில் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. நிறையப் பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லை. எனக்கு ஆச்சரியம் இல்லை. மணி அடித்ததும் அமைதியாகு என்றால் யார் ஆவார்கள்?

எங்கள் அக்கா மகன் கதை வேறு. கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் வீடு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது அவனுக்கு நாலு வயசு. வீட்டைச் சுற்றி ரப்பர் மரம் ஒவ்வொன்றாக முறிந்த சத்தம் அவனுக்குள்ளே போய்விட்டது. பல நாள் கரண்ட் இல்லை. கடற்கரை ஊர்களில் போன வள்ளங்கள் திரும்பவில்லை, வீட்டில் பெரியவர்கள் தணிந்த குரலில் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு காற்று சற்று ஓங்கினால் போதும், ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவான். அக்கா அவனைப் பயப்படாதே என்று சொல்லவே இல்லை. வெறும் தாளும் கரித்துண்டும் கொடுத்தாள். படம் படமாக விழுந்த மரம். நாற்பது, ஐம்பது படம் இருக்கும். எல்லாவற்றிலும் மரம் படுத்தே கிடக்கிறது. ஒரு நாள் படத்தின் மூலையில் ஒரு பசு வந்தது. பக்கத்து வீட்டுப் பசு. அடுத்த நாள் அதற்கு வைக்கோல் வந்தது. இன்றைக்கும் காற்றடித்தால் ஜன்னலைச் சாத்துகிறான், ஆனால் நடந்து போய்.

நோட்டும் குப்பியும் எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. வாரக்கணக்காகத் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனால், தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தினால், முன்பு ஓடியாடிய பிள்ளை ஒரேயடியாக ஒதுங்கிப்போனால் டாக்டரிடம் போய்விடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கு யாராலாவது ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

இந்த நவம்பரில் ஒரு நாள் பாப்பா நோட்டைத் திறந்து என் மடியில் வைத்தாள். கறுப்புக் கிரேயானால் பக்கம் முழுக்கத் தேய்த்திருந்தது. நடுவில் இரண்டு சிவப்புப் புள்ளி.

"இது என்னது?"

"அம்மா நைட் டியூட்டிக்குப் போற பஸ். பின்னால உள்ள லைட்."

ஆறே முக்கால் பஸ். ஜங்ஷன் வரை நாங்கள் கூடப் போவோம். வளைவில் அந்த இரண்டு விளக்கும் மறைகிற வரை அவள் வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். "சங்கடமா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். சங்கடம் என்றால் கரையணும், இதற்குக் கரையத் தோன்றவில்லையாம். பயமா? இல்லை. பெணக்கமா? அம்மா மேல் எதுக்கு? பாட்டியைக் கூப்பிட்டோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்துவிட்டு, "ஏக்கம்" என்றாள். பாப்பா அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மிட்டாயை நக்கிப் பார்ப்பது போல. "அது இல்ல பாட்டி" என்றாள்.

காலண்டர் தாளில் பதினேழு சொல்லும் பார்த்தோம். எதுவும் இல்லை. பேர் கிடைக்கிற வரைக்கும் படம் போதும் என்று அவளே முடிவு செய்தாள். இப்போது அம்மாவுக்கு நைட் டியூட்டி வருகிற நாட்களில் பக்கம் முழுக்கக் கறுப்புத் தேய்க்கவும் சோம்பல். தேதி போட்டு, இரண்டு சிவப்புப் புள்ளி மட்டும் வைத்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறாள்.